நேரத்தோடு வந்த தாய்மாமன்

கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. அடித்தவனும் வருவான், அடி வாங்கியவனும் வருவான். இரண்டு பேருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் மனு அடித்து, ஒரே ஸ்டேப்ளரில் பின் போட்டுக் கொடுப்பேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் அடித்த வாசகம் ஒன்று உண்டு. 'சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் நான் அந்த இடத்துக்கே போகவில்லை.' தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் என் விரல்கள் இதைப் பிழையில்லாமல் அடித்துவிடும். அந்த வாசகத்தை மட்டும் அடிக்கக் கூடாது என்று என் கடையில் வந்து நின்ற ஒரே ஆள் காசிமாயன்.

காசிமாயனுக்கு நாற்பத்து நான்கு வயது. சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே, மழையை நம்பி உழுகிற ஒரு கிராமம். இங்கே ஆனையூரில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, நிரம்பியதும் தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடுகிற வேலை. ஒப்பந்த ஊழியன். கட்டை பிரம்மச்சாரி. ஒல்லியான உடம்பு, ஈரம் காயாத கைலி, எப்போதும் பாதி திறந்திருக்கிற வாய். பேசிக்கொண்டே இருப்பான், நடுவில் காணாமல் போய்விடுவான். ஆள் நம் முன்னால்தான் நிற்பான், கண் மட்டும் வேறு எங்கோ இருக்கும். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மணிக்கு மூன்று மனு அடிக்கிறவன், என்னால் பொறுக்க முடியுமா?

தொட்டியின் தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் தண்ணீர் ஏறுவது முதுகெலும்பில் தெரியும் என்பான். முதலில் கரகரவென்று வருமாம். பிறகு யாரோ உள்ளே முனகுகிற மாதிரி இருக்குமாம். நிறைய நிறையச் சத்தம் குறைந்து, கடைசியில் ஒன்றுமே இருக்காதாம். அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் இவன் தொலைந்துபோவான். தொட்டி வழிந்து தெருவில் ஓடி, யாராவது வந்து தோளை உலுக்கும்போது, "நெறைஞ்சிருச்சா?" என்று கேட்பான். கீழே குழாயில் காதை வைத்து, இப்போது எந்தத் தெருவில் பிடிக்கிறார்கள் என்றும் சொல்வான். அது உண்மையா, கப்ஸாவா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தொட்டிதான் வேண்டும் என்று அவன் கேட்டு வாங்கிக்கொண்டு போனது உண்மை. அந்த லைனில் கடைசித் தெருவில் அவன் தங்கை அழகம்மாள் குடியிருந்தாள்.

தங்கை அவனோடு பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அதற்கும் இந்தப் பராக்குதான் காரணம். அழகம்மாளின் மகள் பவதாரிணிக்கு இரண்டு வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அது அந்த ஊர்ப் பக்கத்தில் மட்டுமல்ல, மதுரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குலசாமி கோயிலில் காலை பத்து மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். காசிமாயன் தோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எட்டு மணிக்கே பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரை வழியாக நடந்திருக்கிறான். அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் கல் அணையைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கண்மாய் வழிந்து பார்த்ததில்லை. கல்லைத் தாண்டி விழுவதற்கு முன்னால் தண்ணீர் ஒரு வளைவு வளையுமாம், அந்த வளைவுக்குள் வானம் முழுசாகத் தெரியுமாம். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மாமன் எங்க, மாமன் எங்க" என்று சம்பந்தி வீட்டார் கேட்டுக் கேட்டுச் சிரித்து, நல்ல நேரமும் தாண்டி, கடைசியில் ஒன்றுவிட்ட அண்ணன் அழகுமலையின் மடியில் குழந்தையை உட்கார வைத்து, யாரிடமோ இரவல் வாங்கிய தோட்டைப் போட்டுக் காரியத்தை முடித்துவிட்டார்கள். அழகம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எம்மகளுக்கு மாமன் வரலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு பேச்சு நின்றது.

போன வருடம் பவதாரிணி பெரியவளானாள். சடங்குக்கு இவனுக்குச் சொல்லவில்லை. சடங்குக்கு இரண்டு நாள் முன்னால் வால்வு திறக்கப் போன இடத்தில், மின்கம்பத்தில் கட்டியிருந்த பிளக்ஸைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அதில் தாய்மாமன் என்று போட்டு அழகுமலையின் படத்தை மீசையோடு அச்சடித்திருந்தார்கள். காசிமாயன் அதன் கீழே எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது, அன்றைக்கு அந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் கூடுதலாக வந்ததாம்.

இனி எதற்கும் தாமதமாகப் போகக் கூடாது என்ற பயத்தில் மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? பத்து மணிச் சடங்குக்குக் காலை ஆறு மணிக்குப் போய் நின்றான். விடிந்ததும் விடியாததுமாக மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஆள் உயர மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை, தேங்காய், பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, மேளம் இல்லாமல், கூட ஒரு ஆள் இல்லாமல் போனான். பந்தலில் சமையல்காரர்கள் மட்டும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் எடுப்பதற்காகக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனான். ஹாலில் பிள்ளைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. யாரையும் எழுப்பவில்லை. ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறான். "அது மாதிரி ஒரு அரை மணி நேரம் எனக்கு வாய்ச்சதே இல்ல பாய். பூ வாசம். பிள்ளைக மூச்சு விடுற சத்தம். நானும் அந்த வீட்டு ஆளு மாதிரியே இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னான்.

பிறகு அழகம்மாளின் புருஷன் நல்லகாமன் எழுந்து வந்தார். பதினோரு வருடமாக வாசலை மிதிக்காத மச்சான் நடு ஹாலில் மாலையோடு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். கத்தினார், சட்டையைப் பிடித்து இழுத்தார். மாலை நசுங்கிவிடக் கூடாது என்று இவன் கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறான். தரையெல்லாம் மாலையிலிருந்து சொட்டிய தண்ணீர். நல்லகாமன் விழுந்தார், மணிக்கட்டு வீங்கிவிட்டது. சடங்கு நடந்தது. அழகுமலை மாலை போட்டார். சாயங்காலம் காசிமாயன் மேல் புகார் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தது, தாக்கிக் காயம் உண்டாக்கியது என்று இரண்டு குற்றம்.

அவனுக்கு வக்கீலாக வந்தவன் சூர்யபிரகாஷ். சின்ன வயசு, கெட்டிக்காரன், நல்ல பையன். என் கடைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துதான் கட்சிக்காரர்களிடம் பேசுவான். ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக வந்தான். கையில் தண்ணீர்த் தொட்டி வருகைப் பதிவேட்டின் நகல். அன்றைய தேதியில் வந்த நேரம் ஐந்தரை, போன நேரம் எட்டரை, இரண்டுக்கும் நேராகக் காசிமாயன் கையெழுத்து.

"அண்ணே, இது தங்கம்ணே. அஞ்சரையிலிருந்து எட்டரை வரைக்கும் நீங்க டியூட்டில இருந்திருக்கீங்க. அப்புறம் ஆறு மணிக்கு அங்க எப்படி இருக்க முடியும்? சொந்தக்காரங்க சாட்சியத் தவிர அவங்க கையில ஒண்ணுமில்ல. ஃபைல்ல இந்தக் காப்பியச் சேத்துட்டேன். கேஸு ரெண்டே வாய்தாவுல முடிஞ்சிரும்."

காசிமாயன் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது முந்தின நாள் சாயந்தரமே போட்டது சார். ரெஜிஸ்டர் சூப்பர்வைசர் அலமாரியில இருக்கும், அவரு ஒம்பது மணிக்குத்தான் வருவாரு. அதனால காலை டியூட்டிக்காரங்க எல்லாரும் முதல் நாளே போட்டுருவோம். அன்னைக்கு எனக்குப் பதிலா மோட்டார் போட்டது என்கூட வேலை பாக்குற பீமாராவ் அண்ணன்."

"அதெல்லாம் யாரும் கேக்கப் போறதில்ல."

"இதக் குடுத்தா, நான் அங்க வரலைன்னு ஆயிரும்ல?"

"ஆமாண்ணே. அதுதான நமக்கு வேணும். நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். இவரு வந்தாருன்னு போலீஸ் நிரூபிக்கட்டும்னு மட்டும்தான் சொல்லப்போறேன்."

"வேணாம் சார்" என்றான் காசிமாயன்.

சூர்யபிரகாஷ் அரை மணி நேரம் பேசினான். இவன் பாதியில் காணாமல் போய்விட்டான். திரும்பி வந்து சொன்னது இதுதான்: "காதுகுத்துக்கு நான் போகலை. அது நெசம். இப்ப போயிட்டு, போகலைன்னு எழுதுனா, ரெண்டு தடவையும் வராத மாமனாப் போயிருவேன் சார். நாளைக்கு அந்தப் பிள்ளை பெருசாகி இதப் படிச்சா என்ன நெனைக்கும்?"

வக்காலத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்குள் வந்தான். 'என் வழக்கை நானே நடத்திக்கொள்கிறேன்' என்று மனு அடிக்கச் சொன்னான். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வது உரிமைதான், கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த வருடம் ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்கும் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பதினான்கு வருடம் காத்துக் கிடந்து அவன் பெயர் அதில் வந்திருந்தது. தண்டனை விழுந்தால் பெயர் போகும். முதல் நாளே கையெழுத்துப் போட்டேன் என்று அவன் வாயாலேயே சொன்னால் இருக்கிற வேலையும் போகும்.

"கூறு இருக்காப்பா உனக்கு? பிள்ளை படிக்குமாம்ல. எந்தப் பிள்ளை கோர்ட்டு பேப்பரப் படிக்குது? உன் தங்கச்சி உன் மூஞ்சியவே பாக்குறதில்ல" என்று கத்தினேன்.

"அதான் பாய். வக்கீலு இருந்தா அவருதான் கேள்வி கேப்பாரு. நானே நின்னா நானே அதுகிட்ட கேக்கலாம்ல? கூண்டுல ஏறிட்டா அது பதில் சொல்லித்தான ஆகணும்?"

பதினோரு வருடமாகத் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற தங்கையிடம் பேச இவனுக்குக் கிடைத்த இடம் அதுதான்.  மனுவை அடித்தேன்.

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். இலவசமாகவே வக்கீல் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னார். "வேணாங்கம்மா. யாரு வந்தாலும் நான் போகலைன்னுதான் சொல்லுவாங்க" என்றான். சமாதானமாகப் போகிறீர்களா என்று இரண்டு தரப்பையும் கேட்டார். நல்லகாமன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். சரி என்று மனுவை ஏற்றுக்கொண்டு, சாட்சி விசாரணைக்குத் தேதி போட்டார்.

அன்றைக்கு நான் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மதுரையில் மத்தியான நேரத்துக் கோர்ட்டு ஒரு தனி உலகம். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றும். கூப்பிடுகிற பெயர்கள் வராந்தாவில் போய் மோதித் திரும்பி வரும். யார் எதற்காக நிற்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். காசிமாயன் அந்த உலகத்தில் பிறந்தவன் மாதிரி நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், மடித்த கோடு இன்னும் இருந்தது.

முதலில் நல்லகாமன் சாட்சி சொன்னார். குடித்துவிட்டு வந்தான், கெட்ட வார்த்தை சொன்னான், நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான் என்று அடுக்கினார். குறுக்கு விசாரணைக்கு இவன் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனான்.

"மாப்ள, கை இப்ப வலிக்குதா?"

கோர்ட்டே சிரித்தது. நல்லகாமன் தயார் செய்துகொண்டு வந்திருந்த எந்தப் பதிலும் இதற்குப் பொருந்தவில்லை. "மழை நேரத்துல கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேற கேள்வி இல்லீங்கம்மா."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். குடித்ததற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கிறதா என்று கேட்கக் கூடாதா? தரை ஈரமாக இருந்ததா என்று கேட்கக் கூடாதா? எனக்குத் தெரிந்த பத்துக் கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

அடுத்தது அழகம்மாள். பச்சைச் சேலை, நெற்றியில் திருநீறு. அண்ணனைப் பார்க்காமல் கூண்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே, அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாம் ஆமாம் என்றாள். பிறகு காசிமாயன் எழுந்தான். கேள்வி வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. போய்விட்டானய்யா என்று நினைத்தேன். ஆனால் அவன் எங்கேயும் போகவில்லை, தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருடத்தில் அவள் முன்னால் அவ்வளவு பக்கத்தில் அவன் நின்றதில்லை.

"ஆத்தா அழகு, விசேஷம் எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு."

"நான் எத்தன மணிக்கு வந்தேன்?"

அவள் அரசு வக்கீலைப் பார்த்தாள். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஆறு மணிக்கு."

"அப்ப நேரத்தோட வந்துட்டேன்ல ஆத்தா?"

அரசு வக்கீல் எழுந்து, இந்தக் கேள்வி வழக்குக்குச் சம்பந்தம் இல்லாதது என்றார். மாஜிஸ்திரேட் அம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "எந்த நோக்கத்தோட அந்த வீட்டுக்குள்ள வந்தாருங்கிறதுதான் இந்த வழக்கே. சாட்சி பதில் சொல்லட்டும்."

அழகம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.  யாரும் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஒரு ஆட்டோ போய், அந்தச் சத்தமும் அடங்கிய பிறகுதான் பதில் வந்தது.

"ஆமா. நேரத்தோட வந்துருச்சு."

மாஜிஸ்திரேட் அம்மா கோர்ட்டு நடையில் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். 'விழா பத்து மணிக்கு என்றால் சரிதான். எதிரி அதற்கு முன்பே, ஆறு மணிக்கே வந்துவிட்டார் என்றால் சரிதான்.' குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள், அது வழக்கம். காசிமாயன் ஒவ்வொரு எழுத்தும் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். தள்ளியதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா என்று அந்த அம்மாவே கேட்டார். "இது போதுங்கம்மா" என்றான்.

சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு மாஜிஸ்திரேட் அம்மா ஃபைலைப் புரட்டினார். சூர்யபிரகாஷ் முன்பு சேர்த்து வைத்திருந்த பதிவேட்டு நகல் அதில் இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல அன்னைக்கு நீங்க வேலையில இருந்ததாக் கையெழுத்து இருக்கு. இத உங்க தரப்பு ஆவணமாக் குறிக்கச் சொல்றீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அதற்கு மேல் ஒரு நீதிபதி என்ன செய்ய முடியும்? வாசலைத் திறந்து வைத்து, அந்தப் பக்கம் போ என்று காட்டுகிறார். ஒரு 'ஆமாம்' போதும். வேலை நிரந்தரம், மாதச் சம்பளம், வயசான காலத்துக்கு ஒரு பிடிமானம். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். காசிமாயன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேப்பமர நிழல் கண்ணாடியில் அசைந்துகொண்டிருந்தது. கோர்ட்டு முழுக்க அவனுக்காகக் காத்திருந்தது. எனக்கே ஒரு கணம் அங்கே இருப்பது மறந்துபோய், பூ வாசமும் தூங்குகிற பிள்ளைகளும் உள்ள ஒரு ஹாலில் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது.

"வேணாங்கம்மா. அது முதல் நாள் போட்ட கையெழுத்து. அன்னைக்கு நான் வேலைக்குப் போகலை. எந்தங்கச்சி வீட்டுலதான் இருந்தேன். என் கை பட்டுத்தான் மாப்ள விழுந்தாரு. குடிக்கலை, வையலை. மத்ததெல்லாம் சரிதான்."

அரசு வக்கீலே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு. தாய்மாமன் மாலையோடு வந்து உட்கார்ந்திருந்ததை அத்துமீறல் என்று சொல்ல முடியாது, நேரத்தோடு வந்ததைச் சாட்சியே ஒப்புக்கொள்கிறார் என்று அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை. தன் கை பட்டு விழுந்தார் என்று அவனே சொன்னதால் காயத்துக்குத் தண்டனை. சிறிய அபராதம், அதோடு கோர்ட்டு கலையும் வரை காவல். அதாவது அன்று மாலை நீதிபதி எழுந்து போகும் வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சிறை.

காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்தான். வழக்குகள் வந்தன, போயின. ஹெல்மெட் போடாதவர்கள் வந்தார்கள், சைக்கிள் திருடியவன் வந்தான், ஒரு கிழவர் எந்த வழக்கு என்றே தெரியாமல் வந்து திரும்பிப் போனார். ஜன்னல் வெயில் தரையில் மெல்ல நகர்ந்து அவன் காலைத் தொட்டு, முழங்காலுக்கு ஏறி, அப்படியே விலகிப் போனது. நான் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன். அதே இடத்தில், வாய் பாதி திறந்து, யாருமே அவசரப்படுத்தாத ஒரு இடத்துக்கு வந்து சேர்ந்தவன் மாதிரி இருந்தான். வராந்தா பெஞ்சில் அழகம்மாள் உட்கார்ந்திருந்தாள். நல்லகாமன் தீர்ப்பைக் கேட்டதும் கிளம்பிவிட்டாராம். "நீங்க போங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டு இவள் மட்டும் இருந்துவிட்டாள்.

ஐந்தரைக்குக் கோர்ட்டு கலைந்தது. காசிமாயன் வெளியே வந்தான். அவள் எழுந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி கூட இருக்காது. இப்போது பேசுவாள், இதோ பேசுகிறாள் என்று நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டாள். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் என்னைச் சமாதானப்படுத்தினான். "விடுங்க பாய். அதான் அன்னைக்கே சொல்லிருச்சுல்ல" என்றான்.

நான் பயந்தபடியே பட்டியலில் அவன் பெயர் போனது. பதிவேட்டு விஷயத்தில் வேலையும் போனது. இப்போது ஆனையூரிலேயே ஒரு நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். எனக்கு இன்றைக்கும் அது வயிற்றெரிச்சல்தான். அவன் செய்தது சரி என்று எல்லாரையும் மாதிரி நானும் லேசாகச் சொல்லிவிட மாட்டேன். அறுபது வயதில் அவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தேன், அழகம்மாள். உள்ளே வராமல், குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"நான் அன்னைக்குச் சாட்சி சொன்னேன்ல, அந்தப் பேப்பர் எனக்கு ஒண்ணு கெடைக்குமா? எங்க வீட்டுல தெரியாது."

சாட்சியாக வந்தவர் நகல் கேட்டால் மனுப் போட வேண்டும் என்றேன். நாலு வார்த்தை சூடாகக் கேட்க வேண்டும் என்று அத்தனை நாள் மனசில் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, படிவத்தைத் திறந்தேன். பெயர், விலாசம், வழக்கு எண் எல்லாம் அடித்தாயிற்று. எதற்காக நகல் தேவைப்படுகிறது என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாரும் 'சொந்த உபயோகத்துக்கு' என்றுதான் போடுவார்கள். கை அதை அடிக்கப் போனது. ஏதோ ஒரு இதில், அவளிடமே கேட்டேன்.

அவள் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"எம்மகளுக்குக் காட்டணும். அவ மாமன் வந்தாருன்னு."

அதையே அடித்தேன். இந்தக் காரணம் போதாது என்று மனுவைத் திருப்பி அனுப்புவார்கள் என்று தெரியும். அனுப்பினால் அனுப்பட்டும், மறுபடி அடித்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அவள் கோர்ட்டுப் பக்கம் போனாள்.

உடனே காசிமாயனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வழக்கம்போலத் தொலைந்துவிட்டான் என்று நினைத்து, "ஏய், இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன் பாய்" என்றான்.  "அது என்னன்னு சொல்லுச்சு? அப்படியே சொல்லுங்க. 'அவரு வந்தாரு'ன்னு சொல்லுச்சா? 'மாமன் வந்தாரு'ன்னு சொல்லுச்சா?"

"மாமன்னுதாம்ப்பா. நானே அடிச்சேன், ஸ்கிரீன்ல அப்படியே இருக்கு."

"இன்னொரு தடவ படிங்க பாய்."

படித்தேன். இன்னொரு தடவை என்றான். மறுபடியும் படித்தேன். வாசலில் ஒருவர் மனு அடிக்க வந்து நின்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, மூன்றாவது தடவையும் படித்தேன்.